குளிப்பாட்டுவதற்குக் காப்பீடு உண்டா?

நெடுமங்காட்டுக்காரர் ஒருவருக்கு எழுபது வயதில் பக்கவாதம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறார்கள். கேரள அரசின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி அட்டை கையில் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஸ்கேன், மருந்து, கட்டில் எல்லாம் அதிலேயே கழிந்துவிடுகின்றன. ஆள் பிழைத்துக்கொள்கிறார், ஆனால் வலப்பக்கம் விழுந்துவிட்டது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு 15 நாள் வரை மருந்துச் செலவையும் திட்டம் பார்த்துக்கொள்ளும்.

பதினாறாம் நாளிலிருந்து அவருக்கு வேண்டியது வேறு. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். குளிப்பாட்ட வேண்டும், கஞ்சி ஊட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும். மகன் வளைகுடாவில் இருக்கிறான், மகள் பெங்களூரில். மனைவிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அலைந்து திரிந்து, கன்னியர் நடத்தும் ஓர் இல்லத்தில் இடம் கிடைக்கிறது. காலையும் மாலையும் ஜெபம், நேரத்துக்குச் சாப்பாடு, வெள்ளைத் துணி, அலுக்காத சிஸ்டர்கள். மருத்துவர் எப்போதாவது வருவார். அந்த இல்லத்துக்கு அவருடைய காப்பீட்டு அட்டையிலிருந்து ஒரு பைசா போகாது. போகலாமா என்று கேட்டால் பலர் முகம் சுளிப்பார்கள்: மதக்காரர்களுக்கு வரிப்பணமா? மருந்து கொடுக்காத இடத்துக்கு மருத்துவக் காப்பீடா?

கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் அமெரிக்கா ஒரு விநோதமான சட்டத்தைச் செய்தது. நாமோ கேள்வியையே எழுப்பாமல் விட்டுவிட்டோம்.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர். 1965-ல் அது சட்டமானபோதே 'கிறிஸ்டியன் சயின்ஸ்' சபையின் பராமரிப்பு இல்லங்களுக்கு அதில் இடம் கொடுத்தார்கள். நோய்க்கு மருந்து வேண்டாம், ஜெபம் போதும் என்று நம்பும் சபை அது. மேரி பேக்கர் எடி 1879-ல் தொடங்கியது. ஒரு சபையின் பெயரைச் சொல்லிச் சலுகை தருவது அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாது என்று 1996-ல் மினசோட்டாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சபையின் பெயரை அடித்துவிட்டு 'மருத்துவம் சாராத சமயப் பராமரிப்பு நிலையம்' என்று பொதுப்பெயர் சூட்டி அதே சலுகையை மறுபடி கொண்டுவந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ல் அதை ஏற்றுக்கொண்டது. பெயர்தான் பொது. பலன் பெறும் இருபதுக்கும் குறைவான நிலையங்கள் அதே சபையின் மரபில் வந்தவையே.

அந்தச் சட்டம் எதற்குப் பணம் தருகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஜெபத்துக்குத் தரவில்லை. தங்குமிடம், உணவு, மருந்து தடவாத புண்கட்டு, ஊன்றி நடக்கும் வாக்கர், இருபத்துநாலு மணி நேரமும் உடலைப் பேணும் ஆட்கள் ஆகியவற்றுக்குத் தருகிறது. நம் நெடுமங்காட்டுக்காரருக்குப் பதினாறாம் நாளில் தேவைப்பட்ட அதே பட்டியல்! மருத்துவமனையிலோ செவிலியர் பராமரிப்பு நிலையத்திலோ சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இதுவரை நியாயம்தான்.

உள்ளே நுழையும் வாசலில்தான் கோளாறு. மருத்துவச் சிகிச்சையை ஏற்பது என் மனசாட்சிக்கு விரோதம் என்று நோயாளி எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிறகு மனம் மாறி மெடிகேர் செலவில் மருத்துவரிடம் போனால் அந்த உறுதிமொழி ரத்தாகும். இரண்டு முறை ரத்தானால், மூன்றாம் முறை சேர ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதற்கு மேலும் மாறினால் ஐந்து ஆண்டு. போலித்தனத்தைத் தடுக்கத்தான் இந்த விதி. ஆனால் உடம்பு நோகும்போது மனம் மாறாத மனிதர் யார்? எலும்பில் புற்று பரவியவர் ராத்திரி இரண்டு மணிக்கு வலி மருந்து கேட்டால் அது கொள்கை மாற்றமா, வெறும் வலியா? சட்டம் அதைக் கொள்கை மாற்றமாகவே கணக்கெழுதுகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து பார்க்கும்போது இந்தக் குறை இன்னும் உறுத்துகிறது. டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற வலிதணிப்புப் பராமரிப்பு (பாலியேட்டிவ்) அமைப்பு இந்த ஊர்க்காரர்களுடையது. மார்ஃபின் மாத்திரை எளிய நோயாளியின் கைக்கும் எட்ட வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி, போதைப்பொருள் சட்டம் 2014-ல் திருத்தப்படுவதில் பங்குகொண்டவர்களில் அவரும் ஒருவர். பராமரிப்பும் வேண்டும், வலி மருந்தும் வேண்டும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சாகப்போகிறவரிடம் சொல்லக் கூடாது என்பதுதான் பாலியேட்டிவ் இயக்கத்தின் அடிப்படை. அமெரிக்கச் சட்டம் அந்தத் தேர்வைக் கட்டாயமாக்குகிறது.

நம் பக்கம் திரும்பினால், கோளாறு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் தனியார் பாலிசிகளின் விலக்குகளை ஒரே அச்சில் வார்த்தது. குளிக்க, உடுக்க, நடமாட உதவும் பராமரிப்புக்கு நிறுவனங்கள் பணம் தர வேண்டியதில்லை என்று அதில் ஒரு விதி. மரணப்படுக்கையில் இருப்பவரின் உடல், சமூக, மன, ஆன்மிகத் தேவைகளைக் கவனிக்கும் சேவைகளும் அதே விலக்கில் அடக்கம். காருண்யா போன்ற அரசுத் திட்டங்கள் அந்த வாசகத்தை வைத்து நடப்பவை அல்ல. ஆனாலும் அவை மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றியே கட்டப்பட்டவை. அமெரிக்காவில் மருந்தைத் துறந்தால்தான் குளிப்பாட்டக் காசு. இங்கே மருந்து ஏறும்வரைதான் காசு.

இத்தனைக்கும் கேரளத்துக்குப் பராமரிப்பின் அருமை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2008-லேயே பாலியேட்டிவ் கொள்கையை அறிவித்த மாநிலம். ஊராட்சிதோறும் செவிலியர் வீடு தேடி வருகிறார். லான்செட் இதழின் மரணம் பற்றிய ஆணையம் 2022 அறிக்கையில் கேரளத்தை முன்னுதாரணமாக எடுத்துக் காட்டியது. கிடப்பு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கு 'ஆசுவாசகிரணம்' என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் தருகிறார்கள். அது எத்தனை நாளைக்குக் காணும் என்பது வேறு கதை. ஆனால் செவிலியர் வந்துபோகும் நேரம் போக மிச்ச நேரத்துக்கு வீட்டில் ஆள் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 12.6 விழுக்காடு, இந்தியா முழுமைக்கும் 8.6. பிள்ளைகள் கடல் கடந்துபோன வீடுகளில் அந்த ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் மடங்களும் ஆசிரமங்களும் தர்மஸ்தாபனங்களும் நிற்கின்றன.

மருந்தில்லாத சமயப் பராமரிப்பால் உண்மையில் பலன் உண்டா? இதற்கு நல்ல சான்று தமிழ்நாட்டில் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் முத்துசுவாமி கோயிலுக்குத் தீவிர மனநோயாளிகளை அழைத்து வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் அப்படித் தங்கிய 31 பேரைக் கவனித்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். நோய்க்குறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 விழுக்காடு குறைந்திருந்தது, மருந்தால் கிடைக்கக்கூடிய முன்னேற்றத்துக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க அளவு. அங்கே பேயோட்டவில்லை, தனிச் சடங்கு எதுவும் நடத்தவில்லை. கூட ஓர் உறவினர் இருந்தார், கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சில்லறை வேலைகள் இருந்தன, யாரும் விரட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப முடியாது. ஆனாலும் பலன் தந்தது தெய்வமா என்ற சர்ச்சைக்குள் போகாமலே, பராமரிப்புக்குத் தனி மதிப்பு உண்டு என்று அதைக் கொண்டு சொல்லலாம்.

அந்தக் கட்டுரை வெளிவருவதற்குச் சுமார் ஓராண்டு முன்னால்தான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டித் தனியார் நடத்திய மனநோயாளிகள் இல்லம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். முத்துசுவாமி கோயிலும் ஏர்வாடி இல்லமும் ஒரே நம்பிக்கையின் நிழலில் வளர்ந்தவை. பக்தி இரண்டு இடத்திலும் இருந்தது. ஓரிடத்தில் உறவினர் கூடத் தங்கினார், திறந்த வாசல் இருந்தது. மற்ற இடத்தில் வாங்கிய பணத்துக்குப் பூட்டுப் போட்டுக் காவல் இருந்தார்கள், உள்ளே நடப்பதைப் பார்க்க யாரும் போகவில்லை. பிற்பாடு தமிழ்நாடு அரசு ஏர்வாடி தர்காவிலேயே மனநல மருத்துவர்களை அமர்த்தி, துவாவும் மருந்தும் ஒருங்கே கிடைக்க வழிசெய்தது. சங்கிலி போடுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் கூடாது என்று தடுத்துவிட்டது. திருவனந்தபுரத்தில் பீமாப்பள்ளிக்கு மனம் கலங்கியவர்களைக் கூட்டி வந்து தங்குவதும் பழைய வழக்கமே. அங்கு வருகிறவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. அவர்கள் தங்கும் அறையின் கதவு எந்தப் பக்கம் தாழிடப்படுகிறது என்று பார்க்க அரசுக்கு உரிமை வேண்டும். இத்தகைய இல்லங்களுக்குக் காப்பீட்டுப் பணம் தந்தால் அது அந்த உரிமையைக் கூடவே கொண்டுவரும் என்பதுதான் என் பார்வையில் அந்த ஏற்பாட்டின் ஆகப் பெரிய லாபம். நன்கொடையில் நடக்கும் இல்லத்தைக் கேள்வி கேட்க நோயாளிக்குக் கூச்சமாக இருக்கும். அவருடைய அட்டையிலிருந்து நாள்கட்டணம் போகும் இல்லம் என்றால் அவர் பயனாளி, புகார் எழுதலாம்.

மதத்துக்கு வரிப்பணமா என்ற முதல் கேள்விக்கு வருவோம். குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்காக வரி வாங்கக் கூடாது என்கிறது சாசனத்தின் 27-ஆம் பிரிவு. ஆனால் அதே சாசனத்தின் 290-அ பிரிவு திருவாங்கூர் தேவஸ்வம் நிதிக்குக் கேரள அரசு ஆண்டுதோறும் 46.5 லட்சம் ரூபாயும், 1956-ல் தமிழ்நாட்டுக்கு வந்த பகுதிகளின் கோயில்களுக்காகத் தமிழ்நாடு அரசு 13.5 லட்சமும் தர வேண்டும் என்று தொகை போட்டே எழுதிவைத்திருக்கிறது. ஹஜ் மானிய வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம், வரியின் கணிசமான பகுதி ஒரு மதத்துக்குப் போனால்தான் 27-ஆம் பிரிவு மீறப்படும் என்றது. ஆகவே சட்டம் ஒரு பெரிய சுவரல்ல. எனக்குள்ள தயக்கம் வேறு. வேறு இடமே இல்லாத கிழவருக்கு ஜெபம் விருப்பமாக இருக்காது, வாடகையாகிவிடும். பணம் வாங்கும் இல்லத்தில் ஜெபத்துக்கு வராதவருக்கும் அதே கஞ்சி, அதே கட்டில், அதே முகம் கிடைக்கிறதா என்பதைச் சோதித்தாக வேண்டும். இந்து நடத்தினாலும் முஸ்லிம் நடத்தினாலும் யாரும் நடத்தாமல் நகராட்சியே நடத்தினாலும் ஒரே நாள்கட்டணம்.

எனவே அமெரிக்கச் சட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பட்டியல், விட்டுத்தள்ள வேண்டியது அந்தக் கையெழுத்து. ஊராட்சியின் பாலியேட்டிவ் செவிலியர் பார்த்து, இவருக்கு முழுநேரப் பராமரிப்பு வேண்டும் என்று எழுதட்டும். இல்லம் எதுவானாலும் அவர் வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் புண் இருக்கிறதா, வலி மருந்து கிடைக்கிறதா என்று பார்க்கட்டும். புதிய துறை எதுவும் வேண்டாம். செவிலியர் இருக்கிறார், தர்மஸ்தாபன இல்லங்களைக் கண்காணிக்க 1960 சட்டம் இருக்கிறது. காசு எங்கே என்பார்கள். சிகிச்சை தந்த மருத்துவமனைகளே காருண்யா பாக்கிக்காகக் காத்திருக்கும் மாநிலத்தில் அது பலமான ஆட்சேபம். ஆனால் போக்கிடம் இல்லாததால் டிஸ்சார்ஜ் ஆகாமல் கட்டிலை அடைத்துக்கொண்டிருப்பவரின் செலவையும் இப்போதே யாரோ கட்டுகிறார்கள். இல்லத்தில் ஒரு நாள் அதைவிட மலிவு.

இன்னொரு தடை பணத்தை விடப் பெரிது. இல்லங்களே வேண்டாம் என்று சொல்லக்கூடும். தத்தெடுப்பு விதிகளை 2015-ல் மத்திய அரசு மாற்றியபோது, தங்கள் நம்பிக்கைக்கு அது ஒத்துவராது என்று மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி கன்னியர் இந்தியாவில் தத்துக் கொடுக்கும் பணியையே நிறுத்திக்கொண்டார்கள். பதிவேடு, திடீர்ச் சோதனை, புகார்ப் பெட்டி, மார்ஃபின் கணக்கு என்று வந்தால் சில மடங்கள் நன்கொடையே போதும் என்று கதவைச் சாத்திக்கொள்ளும். அது அவர்கள் உரிமை. அவர்களைப் பணம் காட்டி இழுக்க வேண்டியதில்லை. ஆனால் பணம் வாங்காத இல்லத்துக்குள்ளும் செவிலியர் போய்ப் பார்க்கலாமா என்பதை இந்தத் திட்டத்தை எழுதுகிறவர்கள் முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். போகலாம் என்பேன். ஏர்வாடியில் அந்த இல்லத்துக்கு அரசு ஒரு ரூபாயும் கொடுத்திருக்கவில்லை.