ஈகையைக் காட்டும் படம்

அமெரிக்க நாட்டு ஓவியச் சேகரிப்பாளர் ஆக்னஸ் கண்ட் அம்மையார் 2025 செப்டம்பரில் தம் 87ஆம் வயதில் மறைந்தார். அவரைப் பற்றி அவர்தம் மகள் கேத்தரின் கண்ட் இயக்கிய ஆவணப்படம் ‘ஆகி’, 2020இல் வெளிவந்தது. ஆக்னஸ் என்பதன் செல்லச் சுருக்கமே தலைப்பு. படம் ஒரு கொடையின் வரலாறு. கொடை பெரிது என்பதில் ஐயமில்லை. படம் எத்தகையது என்பதே ஆராயத் தக்கது.

ராய் லிக்டன்ஸ்டைன் 1962இல் தீட்டிய ‘மாஸ்டர்பீஸ்’ என்னும் ஓவியம் அம்மையாரின் இல்லத்தில் இருந்தது. ஊரே உன் படைப்பைத் தேடி வரப்போகிறது என்று ஓவியன் ஒருவனிடம் பெண்ணொருத்தி கூறுவதாக, சித்திரக்கதைப் பாணியில் அமைந்த நையாண்டி அது. அந்த நையாண்டியே 2017இல் 16 கோடியே 50 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு விலைபோயிற்று! அதில் 10 கோடி வெள்ளியைக் கொண்டு ‘நீதிக்கான கலை’ நிதியை அம்மையார் தொடங்கினார். மக்களை அளவின்றிச் சிறையில் அடைக்கும் முறையை மாற்றுவதே அதன் நோக்கம். அந்நாளில் அமெரிக்கச் சிறைகளில் இருந்தோர் 20 இலட்சத்துக்கும் மேல். அடிமை முறையை ஒழித்த 1865ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், குற்றத் தண்டனையை மட்டும் விலக்கி வைத்தது. அவ்விலக்கின் விளைவைக் காட்டி ஏவா டுவெர்னே 2016இல் எடுத்த படமே அம்மையாரைக் கலக்கியது. அவருக்குக் கறுப்பினப் பேரப்பிள்ளைகளும் உண்டு.

கூச்ச இயல்புடைய தாய் ஒதுங்குவதும் மகள் விடாது கேட்பதுமே படத்தின் உயிர். ஆயின், ஓவியர்களும் அருங்காட்சியகத்தாரும் அடுத்தடுத்து வந்து புகழும்போது படம் தளர்ந்துவிடுகிறது. வங்கியாளர் குடும்பத்துச் செல்வம் எவ்வாறு திரண்டது, ஓர் ஓவியத்துக்கு இத்துணை விலை கொடுக்கும் சமுதாயமே சிறைகளையும் நிரப்புவது ஏன் என்னும் வினாக்களை மகள் அழுத்திக் கேட்கவில்லை. வள்ளுவர் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். இப்படத்தின் கண் ஈகையிலேயே நிலைத்துவிட்டது. கொடுத்தவர் முகத்தைக் காணும் அளவுக்குச் சிறை மீண்டோர் முகத்தைக் காண்பதற்கில்லை.

ஆசிரியர்கள் கருதத்தக்க பகுதி வேறொன்று. 1970களில் பணமுடையால் நியூயார்க் நகரப் பள்ளிகளில் ஓவியக் கல்வி குறைக்கப்பட்டது. உடனே 1977இல், ஓவியர்களையே வகுப்பறைக்கு அனுப்பும் அமைப்பொன்றை அம்மையார் நிறுவினார். அது 40 ஆண்டுகளுக்கு மேல் நடந்துவந்தது. காலவரையறையோடு தொடங்கிய 10 கோடி வெள்ளி நிதியோ 2023இல் முடிவுற்றது. உலகம் பேசியது ஓவிய விற்பனையைத்தான். வண்ணம் குழைத்த பிள்ளைகளுக்கு மகளாவது இன்னும் சில மணித்துளிகள் ஒதுக்கியிருக்கலாம்.