இரண்டு கிளவுட், ஒரே அழிப்பு

ஒரே கோப்புறையை கூகுள் டிரைவோடும் ஒன்டிரைவோடும், அதிலும் மனம் ஆறாவிட்டால் டிராப்பாக்ஸோடும் சேர்த்து ஒத்திசைய விடுவது முன்ஜாக்கிரதையின் அடையாளமாகிவிட்டது. ஒரு நிறுவனம் கைவிட்டால் இன்னொன்று இருக்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். அது பொய்யில்லை. 2012 ஜனவரியில் அமெரிக்க அரசு மெகாஅப்லோட் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தை முடக்கியபோது, எந்தச் சட்டத்தையும் மீறாதவர்களின் கோப்புகளும் சேர்ந்தே சிக்கிக்கொண்டன. கூகுள் 15 ஜிபி, மைக்ரோசாஃப்ட் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி என்று இலவசமாகவே இடம் தரும்போது வேண்டாமென்று சொல்லவும் மனம் வராது. கணக்குப் பறிபோவதற்கு எதிரான காவல் என்ற அளவில் இந்த வழக்கத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடலாம். ஆனால் கோப்புகள் தொலைவதற்கு அதைவிட எளிய வழிகள் இருக்கின்றன. கைதவறி அழிக்கிறோம், நேற்றைய வரைவை இன்றையதன்மேல் சேமித்துவிடுகிறோம், ரான்சம்வேர் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிடுகிறது. இவற்றில் ஒன்றைக்கூட இரண்டாவது கிளவுட் தடுக்காது.

காரணம் ஒத்திசைவின் இயல்பிலேயே இருக்கிறது. கோப்புறையில் நடந்ததை அப்படியே மறுமுனையிலும் நடத்திவைப்பதுதான் அதன் வேலை. சேர்த்தது, திருத்தியது, அழித்தது எல்லாம் அதற்கு ஒன்றுதான். அழித்தவர் தெரிந்து செய்தாரா, தூக்கக் கலக்கத்தில் செய்தாரா என்று அது கேட்பதில்லை. தப்பான உத்தரவை இரண்டு வேலையாட்களிடம் கொடுத்தால் வேலை இரண்டு மடங்கு சுத்தமாக முடியும், அவ்வளவுதான். குப்பைத்தொட்டி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கூகுள் டிரைவ், தனிநபர்களுக்கான ஒன்டிரைவ், இலவச டிராப்பாக்ஸ் மூன்றிலும் அழித்த கோப்பு 30 நாள்தான் தங்கும். ஒரே கோப்புறையை மூன்றோடும் இணைத்திருப்பவருக்கு அந்த 30 நாளும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் வருமான வரிக் கோப்பு காணாமற்போனது தெரியவரும்போது மூன்று தொட்டிகளும் காலியாகியிருக்கும். பழைய பதிப்புகளை மீட்கலாமே என்ற வாதமும் இங்கே உதவாது. அந்த வசதியை ஒரே சேவை தனியாகவே தருகிறது. இரண்டாவதைச் சேர்த்ததால் கூடுதலாக என்ன கிடைத்தது?

கிடைப்பது குழப்பம். வீட்டுக் கணினியில் திருத்திய கோப்பை டிராப்பாக்ஸ் அலுவலகக் கணினியில் கொண்டுபோய் வைக்கிறது. அங்கே ஓடும் ஒன்டிரைவுக்கு அதை வைத்தது யாரென்று தெரியாது. யாரோ அங்கேயே உட்கார்ந்து திருத்தியதாக எடுத்துக்கொண்டு மேலேற்றப் பார்க்கும். அதே கோப்பை வீட்டிலிருக்கும் ஒன்டிரைவும் ஏற்றிக்கொண்டிருக்கும். நேரம் நன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றே என்று கண்டுகொள்ளும். இல்லையென்றால் கணினியின் பெயரை வாலாக ஒட்டிக்கொண்டு ஒரு நகல் முளைக்கும். நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் கணக்கு மென்பொருள் தரவுகளுக்கு இது இன்னும் ஆபத்து. போதாததற்கு, 2017 முதல் விண்டோஸில் ஒன்டிரைவ் கோப்பின் பெயரை மட்டும் காட்டிவிட்டு உள்ளடக்கத்தை மேலேயே வைத்துக்கொள்ள முடிகிறது. அதைப் பிரதியெடுக்க வரும் இன்னொரு சேவை முதலில் முழுதையும் கீழே இறக்கியாக வேண்டும். கூகுள் டாக்ஸில் எழுதியதோ கணினியில் வெறும் இணைப்புக் குறிப்பாகத்தான் கிடக்கிறது. டிராப்பாக்ஸ் அதைப் பத்திரமாகக் காத்தாலும், கூகுள் கணக்கு போன அன்று கையில் மிஞ்சுவது எங்கும் போகாத முகவரி. எந்த ஒரு ஆபத்துக்காக இந்த ஏற்பாட்டைச் செய்தார்களோ, அதிலேயே அது கைவிட்டுவிடுகிறது.

பல கிளவுட் ஏற்பாட்டின் ஆதரவாளர்கள் பெருமையாக எடுத்துக்காட்டுவது ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தை. 2024 மே மாதம் கூகுள் கிளவுடில் நேர்ந்த அமைப்புப் பிழையால் அந்நிதியத்தின் தனிக் கிளவுட் சந்தாவே அழிந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் நாட்கணக்கில் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. இன்னொரு நிறுவனத்திடமும் தரவு இருந்ததால்தான் பிழைத்தார்கள் என்பது இவர்கள் வாதம். அது மீட்புக்கு உதவியது உண்மைதான், ஆனால் எந்த வகைத் தரவு? யூனிசூப்பர் கூகுள் கிளவுடிலேயே இரட்டைப் பிரதி வைத்திருந்தது. ஒரே அழிப்பில் இரண்டும் போயின. இன்னொரு நிறுவனத்திடம் இருந்தது பேக்கப். அழிக்கும் உத்தரவு எட்டாத இடத்தில் அது இருந்ததால் மீட்புக்கு உதவியது. ஒரே கோப்புறையைப் பல கிளவுடுகளோடு இணைப்பவர்கள் தங்களிடம் இருப்பதை அந்தப் பேக்கப் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் இருப்பது போன அந்த இரட்டைப் பிரதி. இந்த வேறுபாட்டை மறைத்து இதைப் பாதுகாப்பு என்று பரிந்துரைப்பவர்கள், ஒன்றுமே வைத்துக்கொள்ளாதவரைவிட அதிகக் கேடு செய்கிறார்கள். அவருக்குப் பயமாவது இருக்கும். இவர்களை நம்பியவருக்கு அதுவும் இல்லை.

இரண்டாவது கிளவுட் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அன்றாட ஒத்திசைவுக்கு ஒரே சேவையை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதன் செயலியைக் கணினியிலிருந்து நீக்கிவிட்டு, இரவில் ஒருமுறை ஆர்குளோன் போன்ற கருவியால் நகலை மட்டும் அங்கே அனுப்புங்கள். ஆர்குளோனில் ஒத்திசைக்கும் கட்டளையும் உண்டு, நகலெடுக்கும் கட்டளையும் உண்டு. முதலாவது இங்கே இல்லாததை அங்கேயும் அழிக்கும், இரண்டாவது அழிக்காது. மாற்றி எழுதப்படும் பழைய பதிப்புகளைத் தனிக் கோப்புறைக்கு ஒதுக்கும் வசதியையும் இயக்கிக்கொள்ளுங்கள். கூகுள் டாக்ஸ் ஆவணங்களை முதலில் சாதாரணக் கோப்புகளாக மாற்றிவிட்டு அனுப்புங்கள்.