தேய்வது எலும்பா, குருத்தெலும்பா? மூட்டு மாத்திரைகள் பற்றி ஒரு குறிப்பு

திருத்தணி மலைக்கு 365 படிகள், நாளுக்கு ஒரு படி என்று கணக்கு. முழங்கால் வலி வந்தவர்கள் முதலில் விடுவது இந்தப் படிகளைத்தான். ஆட்டோவில் மேலே போய் வருவார்கள். அடுத்து மருந்துக்கடையில் 'மூட்டுக்கு ஏதாவது குடுங்க' என்பார்கள். கிடைக்கும் அட்டையில் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின், கொலாஜன், கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஒன்றாக இருக்கும்.

என் முதல் புகார் மாத்திரை மேல் இல்லை, ஒரு சொல் மேல். 'எலும்பு தேய்ஞ்சு போச்சு' என்கிறோம். எல்லை தாண்டினால் தெலுங்கிலும் 'எமுகலு அரிகிபோயாயி' என்பதுதான் பேச்சு. ஆனால் மூட்டுத் தேய்மானத்தில் முக்கியமாகக் கெடுவது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு. அதோடு மூட்டு முழுக்கவே மாறுகிறது. எலும்பின் அடர்த்தி குறைவது எலும்புப்புரை, அது வேறு நோய். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியதால்தான் முழங்கால் வலிக்குக் கால்சியம் வாங்குகிறோம். கால்சியம் குறைவாக இருப்பவருக்கு அது தேவைதான், ஆனால் தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. வைட்டமின் டி-யையும் சோதித்தார்கள். 2013-ல் அமெரிக்காவில் 146 பேரிடம் இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்ததில் முழங்கால் வலியும் குறையவில்லை, குருத்தெலும்பு இழப்பும் நிற்கவில்லை.

சரி, குளுக்கோசமைன்? 2006-ல் வெளியான 'கெயிட்' ஆய்வில் 1583 பேர், 24 வாரம். வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால் வெற்றி. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 60.1% பேருக்கு வெற்றி. குளுக்கோசமைனுக்கு 64.0%, காண்ட்ராய்டினுக்கு 65.4%, இரண்டும் சேர்த்து 66.6%. இந்த வித்தியாசங்களைத் தற்செயல் என்று தள்ள முடியாத அளவுக்குப் பெரியவை என்று சொல்ல இயலாது. செலகாக்சிப் என்ற வலி மாத்திரை மட்டும் 70.1% எடுத்துத் தேறியது.

அந்த 60.1-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். பத்தில் ஆறு பேருக்கு 'வெறும் மாத்திரை'யிலேயே வலி குறைகிறது! மூட்டு வலி ஏறி இறங்கும் குணம் உள்ளது. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மாத்திரை வாங்குகிறோம், அப்புறம் அது தானாகவே இறங்குகிறது. பெயரை மாத்திரை தட்டிக்கொண்டு போகிறது. 'எனக்குக் கேட்டுச்சுப்பா' என்று பக்கத்து வீட்டு மாமா சொல்வது பொய்யில்லை. ஆனால் மாத்திரை இல்லாத இன்னொரு மாமா அவரிடம் இல்லையே!

மறுபக்கத்தையும் சொல்லணும். அதே ஆய்வில் வலி கடுமையாக இருந்த சிறு பிரிவினருக்குக் கூட்டு மாத்திரை 79.2%, வெற்று மாத்திரை 54.3%. விற்பனைத் தாள்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டன. ஆனால் 2017-ல் ஸ்பெயினில் 164 பேரிடம் கூட்டு மாத்திரையைச் சோதித்தபோது அது வெற்று மாத்திரையையே மிஞ்சவில்லை, ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள்.

நம்ம நாட்டு ஆய்வும் ஒன்று உண்டு. அரவிந்த் சோப்ரா குழு 2013-ல் வெளியிட்டது. 440 பேர், 24 வாரம். இரண்டு ஆயுர்வேதக் கலவைகள், குளுக்கோசமைன், செலகாக்சிப் என நான்கு பிரிவு. முடிவில் நாலும் ஏறக்குறைய சமம். ஆயுர்வேதம் ஜெயித்தது என்று படிக்கலாம். நான் அப்படிப் படிக்கத் தயங்குகிறேன். காரணம், வெற்று மாத்திரைப் பிரிவு இல்லை. அளவுகோலே இல்லாமல் நாலு பேர் ஒரே உயரம் என்றால், எல்லாரும் உயரமா, குட்டையா என்று எப்படிச் சொல்வது? ஆயுர்வேதக் கலவை சாப்பிட்டவர்களில் ஏழு பேருக்குக் கல்லீரல் நொதி ஏறி, நிறுத்தியதும் இறங்கியது. 'மூலிகைதானே' என்று சொல்பவர்கள் இதையும் படிக்கணும்.

2019 அமெரிக்க வாத நோய்க் கல்லூரி வழிகாட்டி முழங்கால் தேய்மானத்துக்குக் குளுக்கோசமைனை வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறது. உடற்பயிற்சியையும், எடை கூடினவர்களுக்கு எடைக் குறைப்பையும் அதே அழுத்தத்தோடு பரிந்துரைக்கிறது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் சுமார் நாலு கிலோ சுமை குறையும் என்று 2005-ல் அளந்திருக்கிறார்கள்.

மாத்திரையால் பெரிய கெடுதல் பெரும்பாலும் இல்லை. ஆனால் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் குளுக்கோசமைனைத் தொடக்கூடாது. நான் பயப்படுவது வேறு: 'மாத்திரை போடறேனே, நடை எதுக்கு?' என்று உட்கார்ந்துவிடுவது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் இருக்கலாம். கடைக்காரர் சொல்லாததை அட்டையே சொல்லிவிடுகிறது.