குழாய்க்கு யார் மாலை போடுவார்கள்?

தூத்துக்குடியில் ஒரு பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, 'ஏழைகளுக்காகவே வாழ்ந்தவர்'. காந்தி வந்தார், அன்னை தெரசா வந்தார், காமராஜர் வந்தார். உள்ளூர் ஆள் என்று வந்தது வ.உ.சி. மட்டும்தான். குரூஸ் பர்னாந்து? மூச்! அந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவரே அவர்தான் சார்.

வ.உ.சி.யைக் குறைத்துச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஓட்டப்பிடாரத்தில் ஏழைகளுக்காகக் காசு வாங்காமல் வழக்காடிய வக்கீல். 1908-ல் கோரல் மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களோடு நின்று, கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடைக்கச் செய்தவர். பிறகு சிறை, செக்கு... உங்களுக்கே தெரியும். பி.காம். படித்தவன் என்பதாலோ என்னவோ, செக்கைவிட அவருடைய உயில்தான் என்னை உலுக்குகிறது. பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில் கப்பல் கம்பெனி தொடங்கிய மனிதர், கடைப் பாக்கிகளை உயிலில் எழுதி வைத்துவிட்டு 1936-ல் கண்ணை மூடினார்.

குரூஸ் பர்னாந்து வேறு ரகம். முத்துக்குளித்துறைப் பரதவர். நகராட்சித் தலைவர். கூட்டம், ஃபைல், எஸ்டிமேட் என்று ஓடிய வாழ்க்கையில் மேடையில் பேச என்ன இருக்கிறது? ஆனால் யோசித்துப் பாருங்கள். உப்பு விளைகிற ஊர். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. காசுள்ளவன் எப்படியாவது நல்ல தண்ணீருக்கு வழி பண்ணிக்கொள்வான். இல்லாதவன் வீட்டுப் பெண்? இடுப்பில் குடத்தோடு அலைய வேண்டியதுதான். 1927-ல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி தூத்துக்குடிக்கு வந்தது.

ஒரு நெருடல் உண்டு. பெயருக்கு முன்னால் 'ராவ் பகதூர்'. வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்த அதே சர்க்கார் கொடுத்த பட்டம். எனக்கும் அது தொண்டையில் சிக்கிய மீன் முள் மாதிரிதான். அதே சமயம், அந்தச் சர்க்காரோடு மல்லுக்கு நின்றிருந்தால் ஒரு அடிக் குழாய்கூடப் பதித்திருக்க முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம்ம கோளாறு என்னவென்றால், தலைவர் பட்ட கஷ்டத்துக்குத்தான் மார்க் போடுகிறோம். ஏழைக்கு என்ன வந்து சேர்ந்தது என்ற பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. மில் தொழிலாளிக்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பெண்ணின் குடத்தில் விழுந்த நல்ல தண்ணீரும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அங்கே வ.உ.சி.க்கு ஒன்றும் குறைந்துவிடாது, பர்னாந்துக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

முதல் பரிசு வ.உ.சி. பற்றிப் பேசிய பெண்ணுக்கே கொடுத்தேன். நன்றாகப் பேசினாள், நியாயம்தானே? கப்பைக் கையில் கொடுக்கும்போது, "குரூஸ் பர்னாந்து தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"சிலையா நிக்காரே, அவரா சார்?"