சென்ட்ரலில் இறங்காத கதாநாயகன்

தமிழ் சினிமாவில் ஒருத்தன் சென்னைக்கு வந்துட்டான்னு சொல்ல வசனமே தேவையில்லை. சிவப்புக் கட்டடம், மணிக்கூண்டு, முன்னாடி ஆட்டோ வரிசை: சென்ட்ரல் ஸ்டேஷன். அடுத்து எல்.ஐ.சி. பில்டிங். நேரம் இருந்தா நேப்பியர் பாலத்து வளைவு, மெரினா. கையில் பையோட நிக்கிறவன் அண்ணாந்து பார்ப்பான். தலைநகரம் வந்தாச்சுன்னு தியேட்டர்ல உட்கார்ந்திருக்கிற நமக்கும் புரிஞ்சிடும்.

இந்த ஷாட்டைப் பத்தி யாரும் பெருசா எழுதறதில்லை. ஒரு தலைநகரத்தை அடையாளம் காண ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தது பாடப் புத்தகம் இல்லை, இந்த நாலு நொடிதான். அதனால அதைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம்னு தோணுச்சு.

எந்த ரயில் எங்கே நிக்கும்?

முதல்ல ஒரு எளிய கேள்வி. நம்ம கதாநாயகன் எந்த ஊர்க்காரன்? பெரும்பாலும் மதுரை, தேனி, திருநெல்வேலி, இல்லைன்னா தஞ்சாவூர்ப் பக்கம். அந்த ஊர் ரயில் சென்ட்ரலுக்கா வரும்? பெரும்பாலும் வராது. எழும்பூருக்கு வரும். 1908-ல் திறந்த எழும்பூர் நிலையம் தென்னிந்திய ரயில்வேயோட மீட்டர்கேஜ் பாதைக்கானது. விழுப்புரம், திருச்சி, மதுரை, தூத்துக்குடின்னு தெற்கே போற மக்களின் வாசல் அதுதான். பாதை அகலமான பிறகும் பாண்டியன், நெல்லை, முத்துநகர், மலைக்கோட்டை எல்லாம் எழும்பூரைத்தான் தங்கள் இடமா வச்சிருக்கு.

சென்ட்ரல் வேற கதை. 1873-ல் வந்த அந்த நிலையம் பம்பாய், கல்கத்தா, டெல்லி, பெங்களூர், கேரளா பாதைகளுக்கான முனையம். தமிழ்நாட்டுக்குள்ளேன்னு பார்த்தா கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் ஆட்கள் அங்கே இறங்குவாங்க. சேரன், நீலகிரி எக்ஸ்பிரஸ்ல வர்றவங்களுக்கு அந்த ஷாட் பொருந்தும். மதுரைப் பையனுக்கு? அவன் எழும்பூர்ல இறங்கி, அங்கிருந்து சென்ட்ரலுக்குப் போய், வெளியே வந்து நின்னு அண்ணாந்து பார்த்திருக்கணும்!

சினிமாவில் இந்த மாதிரி வழித்தடக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாதுன்னு சொல்வீங்க. சரிதான். ஆனா ஏன் எழும்பூரை விட்டுட்டு சென்ட்ரலைப் பிடிச்சாங்க என்பது சுவாரசியமான கேள்வி. அழகுன்னு பார்த்தா எழும்பூர் சளைச்சது இல்லை. ஹென்றி இர்வின் வடிவமைச்ச கட்டடம், கும்மட்டங்களோட கம்பீரமா நிக்குது. ஆனா அதன் முன்னால இருப்பது காந்தி இர்வின் சாலை. கேமரா பின்னால போக இடம் கம்மி. சென்ட்ரலுக்கு முன்னால பூந்தமல்லி நெடுஞ்சாலை, அகலமா. எதிர்ப்பக்கம் நின்னா மணிக்கூண்டோட மொத்த முகப்பும் ஒரே சட்டகத்துல விழும்.

ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் நியூயார்க், பாரிஸ் மக்களிடம் நகரக் காட்சிகளைக் காட்டி 'இது எந்த இடம்?'னு கேட்டுப் பார்த்தார். ஒரு இடம் எவ்வளவு சுலபமா அடையாளம் தெரியும் என்பதை ரெண்டு விஷயம் தீர்மானிக்குதுன்னு அவர் சொன்னார்: எத்தனை பேர் கண்ணுல அது படுது, மத்த இடங்கள்ல இருந்து எவ்வளவு தனிச்சுத் தெரியுது. நியூயார்க்கில் மன்ஹாட்டன் காட்சிகளை ஜனங்க சட்டுனு சொல்லிட்டாங்க. ப்ராங்ஸும் ஸ்டேட்டன் ஐலண்டும் மங்கிப்போச்சு. அங்கேயும் லட்சக்கணக்கில் மக்கள் வாழ்ந்தாங்க; ஆனா அவங்க தெருக்கள் படத்துல ஏறலை.

சென்ட்ரலை மில்கிராம் கணக்குல போட்டுப் பாருங்க. தனிச்சுத் தெரியற மணிக்கூண்டு ஏற்கனவே இருந்தது. கண்ணுல படுற எண்ணிக்கையைப் பெருக்கிக் கொடுத்தது சினிமா. சென்னைக்கே வராதவங்களும் சென்ட்ரலைப் பார்த்துட்டாங்க. 2019-ல் அந்த நிலையத்துக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் பேரை வச்சாங்க. படத்துல அந்தக் கட்டடத்தை அடிக்கடி காட்டிய தொழில்ல இருந்து வந்த ஒருத்தரின் பேர் அந்தக் கட்டடத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஆட்டோக்காரர் இன்னமும் 'சென்ட்ரல்'னுதான் சொல்றார்.

எல்.ஐ.சி.யும் அப்படித்தான். 1959-ல் திறந்தப்போ 177 அடி உயரம், நாட்டிலேயே உயரமான கட்டடங்களில் ஒண்ணு. அண்ணாந்து பார்க்க நியாயம் இருந்தது. இன்னைக்கு ஓ.எம்.ஆர். பக்கம் போனா அதைவிட உயரமான குடியிருப்புகள் வரிசையா நிக்குது. ஒண்ணுக்கும் பேர் ஞாபகம் இருக்காது. எல்.ஐ.சி. மட்டும் மெட்ரோ நிலையப் பேராவே ஆயிடுச்சு.

சின்னம் வேலை செய்யணும்

என் குறை அந்த ஷாட் தப்பான ஸ்டேஷனைக் காட்டுது என்பது இல்லை. அது வேலையே செய்யறதில்லை என்பதுதான். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி குத்திட்டுப் போயிடுது.

ஒப்பிட்டுப் பார்க்க 'ரோமன் ஹாலிடே' (1953) இருக்கு. தலைநகரத்துச் சின்னங்களை வரிசையாகக் காட்டுற படங்களுக்கெல்லாம் அதுதான் பாட்டி. ரோமில் 'உண்மையின் வாய்' என்று ஒரு பழைய கல் முகம் இருக்கு. பொய் சொல்றவன் அதன் வாயில் கையை விட்டா கடிச்சிடும்னு நம்பிக்கை. படத்துல இளவரசி தான் யாருங்கிறதை மறைச்சிட்டு வந்திருக்கா. கூட வர்றவன் தான் பத்திரிகைக்காரன்ங்கிறதை மறைச்சிட்டு வந்திருக்கான். ரெண்டு பேரும் அந்தக் கல் வாய் முன்னாடி நிக்கிறப்போ அது சுற்றுலா இடம் இல்லை, விசாரணைக் கூண்டு. அந்த இடத்தை வெட்டி எடுத்தா கதையில ஓட்டை விழும்.

நம்ம ஊர்ல 'மே மாதம்' (1994) அதே பாதையில் வந்த படம். ஊட்டியிலிருந்து ஓடிவந்த பெண், சென்னை, ஊர் சுத்திப் பார்க்கிற பாட்டு. ரஹ்மான் இசையில பாட்டு துள்ளுது, ஊர் வண்ணமா இருக்கு. ஆனா அந்த இடங்களை வரிசை மாத்தி அடுக்கினாலும் படம் மாறாது. 27 வருஷம் முன்னாடி, 'அனுபவி ராஜா அனுபவி'யில் (1967) தூத்துக்குடியிலிருந்து வந்த நாகேஷ் மெட்ராஸ் ரோட்டில் நடந்துகிட்டே ஊரைக் கிண்டல் பண்றார். அங்கே நகரத்தைப் பார்க்கிற கண்ணுக்கு ஒரு கருத்து இருக்கு. அண்ணாந்து பார்த்துட்டு, 'இதுக்குத்தானா இவ்வளவு அலட்டல்?'னு கேட்கிற கண் அது. ஊர்க்காரன் வாய் பிளக்கணும் என்ற விதியை நாகேஷ் அப்பவே உடைச்சிட்டார். பின்னால வந்தவங்க அதைத் திரும்ப ஒட்டிட்டாங்க.

'மதராசபட்டினம்' (2010) சென்ட்ரலுக்கு உண்மையாவே வேலை கொடுத்த படம். 1947-ல் நடக்கிற கதையின் கடைசிப் பகுதியில் காதலர்கள் ஒளியறது அந்த மணிக்கூண்டுக்குள்ளதான். வெளியிலிருந்து மட்டும் பார்த்துப் பழகின கடிகாரத்தை உள்ளேயிருந்து பார்க்க வச்சாங்க. அந்தப் படத்தின் மத்த குறைகளை இதுக்காகவே நான் மன்னிச்சிடுவேன்.

சேரப்பணஞ்சேரியிலிருந்து பார்த்தா

நான் இருக்கிறது வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில, படப்பையைத் தாண்டி ஒரகடத்துக்கு முன்னால. இங்கிருந்து பார்க்கிறப்போ சென்னை என்ற படமே கோணம் மாறிடுது.

இந்தப் பக்கம் தயாராகிற காரும் லாரியும் செய்தியில வரும்போது 'சென்னை ஆலை'ன்னு வரும். ஆனா ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டம். 2022-ல் சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிச்சாங்க. காகிதத்துல நாங்களும் உள்ளே வந்தாச்சு. சினிமாச் சென்னையோ இன்னும் சென்ட்ரலுக்கும் ஜெமினி பாலத்துக்கும் நடுவுலயே சுத்துது. நாங்க மில்கிராமோட ஸ்டேட்டன் ஐலண்ட்.

தெற்கேயிருந்து பஸ்ல வர்றவங்க நிலைமையும் மாறிடுச்சு. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தாங்க. இப்போ மதுரைக்காரர் 'சென்னை வந்தாச்சு'ன்னு இறங்குற இடம் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்துல. அங்கிருந்து மேற்கே திரும்பினா எங்க ரோடு. ஒருத்தர் உசிலம்பட்டியிலிருந்து கிளம்பி கிளாம்பாக்கத்துல இறங்கி, ஒரகடத்துல வேலைக்குச் சேர்ந்து, வருஷக்கணக்கா 'சென்னையில வேலை'ன்னு ஊர்ல சொல்லிக்கிட்டு, எல்.ஐ.சி.யை நேரில் பார்க்காமலே இருக்கலாம்.

அப்போ சென்ட்ரல்ல இறங்குறது யார்? பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம். முன்பதிவில்லாப் பெட்டியில் ஒன்றரை நாள், ரெண்டு நாள் உட்கார்ந்தும் நின்னும் வர்ற பையன்கள். இந்தத் தொழில் வழித்தடத்தோட ஷிப்ட்கள் ஓடறதுக்கு அவங்களும் காரணம். தோள்ல பை, கண்ணுல தூக்கம், வெளியே வந்து திரும்பி அந்த மணிக்கூண்டைப் பார்க்கிறாங்க. தமிழ் சினிமா இத்தனை வருஷமா எடுத்த ஷாட்டை அப்படியே நடிச்சுக் காட்டறது இவங்கதான், வசனம் மட்டும் இந்தியில, ஒடியாவுல.

இங்கே வாடகை அறைகளில் இருக்கிற பையன்கள் போனைக் காட்டினா அநேகமா சென்ட்ரல் முன்னாடி எடுத்த ஒரு செல்ஃபி இருக்கும். வந்து இறங்கின அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பினது. அந்தப் படம் வேலை செய்யுது. 'பத்திரமா வந்துட்டேன்'னு அம்மாவுக்குச் சொல்ற ரசீது அது. சினிமா ஷாட்டில் கிடைக்காத கனம் அந்த மங்கலான செல்ஃபியில இருக்கு. ஏன்னா வந்து சேராமல் போறதும் நடக்கிற காரியம். 2023 ஜூன் 2-ல் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்துல விபத்துக்குள்ளான கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சென்ட்ரலுக்குத்தான் வந்துகிட்டிருந்தது. மூணு ரயில் சிக்கின அந்த விபத்துல 290 பேருக்கு மேல் செத்துப்போனாங்க.

நம்ம படங்களில் இந்தப் பையன் பெரும்பாலும் உடைஞ்ச தமிழ் பேசற ரெண்டு நிமிஷக் காமெடி, இல்லைன்னா போலீஸ் சந்தேகப்படற முகம். சென்ட்ரல் வாசல் ஷாட்டை மதுரைக்காரனுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்த சினிமா, அதுக்கு உரியவனுக்குக் கொடுக்க யோசிக்குது. இது அழகியல் பிரச்சினை மட்டும் இல்லை. யாருடைய வருகையைத் தலைநகரத்துக்கான வருகையா நாம அங்கீகரிக்கிறோம் என்ற கேள்வியும் இதுக்குள்ள இருக்கு.

சின்னம் என்பது பெரிய கட்டடம் மட்டுமா?

கெவின் லிஞ்ச் 1960-ல் எழுதிய 'நகரத்தின் பிம்பம்' பத்தி எழுதாம இந்தப் பேச்சை முடிக்க முடியாது. பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலீஸ் மக்கள் தங்கள் ஊரை மனசுல எப்படி வரைஞ்சு வச்சிருக்காங்கன்னு ஆராய்ஞ்ச நூல். ஊர் பழகப் பழக ஜனங்க சின்னச் சின்ன அடையாளங்களை நம்பித்தான் நடமாடறாங்க என்பது அதுல எனக்குப் பிடிச்ச கவனிப்பு. எங்க ரோட்டுக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்தும். இங்கே வழி சொல்றவங்க ஏரிக்கரை, டீக்கடை, கம்பெனி ரெண்டாவது கேட்னுதான் சொல்வாங்க.

இந்தச் சின்ன அடையாளங்களோட பலத்தைப் புரிஞ்ச படங்கள் தமிழ்ல இல்லாம இல்லை. பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) ஊர்ப் பேரையே தலைப்பா வச்சுக்கிட்டு, வட சென்னைக் குடியிருப்பு ஒண்ணோட சுவரைத்தான் சின்னமாக நிறுத்துச்சு. அந்தச் சுவருக்காக உயிர் போகுது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) ரங்கநாதன் தெருவை எடுத்துக்கிட்டது. தெற்கேயிருந்து வந்து கடைக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கிற பிள்ளைகளுக்கு அந்தத் தெருதான் மொத்தச் சென்னையும். இந்த ரெண்டு படமும் பார்த்த பிறகு அந்தச் சுவரையும் தெருவையும் நாம மறக்க மாட்டோம். ஒரு இடத்தைச் சின்னமாக்கற சக்தி உயரத்துல இல்லை, அங்கே யாருக்கு என்ன ஆச்சு என்பதுலதான் இருக்கு.

பழைய சின்னங்களையே காட்டணும்னா மெரினாவில் ஒண்ணு காத்துக்கிட்டிருக்கு. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை, 1959. நாலு பேர் சேர்ந்து பாறையை நெம்பித் தள்றாங்க. நாலு பேருக்கும் பேர் கிடையாது, மொழி கிடையாது, ஊர் கிடையாது. எல்.ஐ.சி. திறந்த அதே வருஷம் வந்த சிலை. ஒண்ணை அண்ணாந்து பார்க்கக் கத்துக்கிட்டோம், இன்னொண்ணைக் கடந்துபோக. வார விடுமுறையில ஒரகடத்துப் பையன்கள் கடல் பார்க்கப் போயிட்டு அது முன்னாடியும் படம் எடுத்துக்கிறாங்க.

அடுத்து யாராவது சென்னைக்கு ஒருத்தன் வர்ற காட்சியை எழுதினா அவங்களுக்கு என் சிபாரிசு ரெண்டு. மதுரைக்காரனா, கிளாம்பாக்கத்துல இறக்குங்க. அவன் 'இதுதான் மெட்ராஸா?'னு குழம்பட்டும், அதுல கதை இருக்கு. சென்ட்ரல் மணிக்கூண்டுதான் வேணும்னா, அண்ணாந்து பார்க்கிறவன் சாப்ராவிலிருந்தோ பாலசோரிலிருந்தோ வந்தவனா இருக்கட்டும். அப்புறம் கேமரா எல்.ஐ.சி.க்குத் தாவாம, அவன்கூடவே பஸ் ஏறி எங்க ரோடு வரைக்கும் வரட்டும்.