தற்புகழ்ச்சி விதியும் கூத்துக் கலைஞரும்: காஞ்சிபுரம் கட்டைக்கூத்துச் சங்கத்தை முன்வைத்து

தன் நூலைத் தானே புகழ்ந்துகொள்வது புலவனுக்குத் தகாது என்பது நன்னூற் பாயிரத்தின் விதி. பிறர்க்குத் தோன்றாத நுட்பங்களைக் கண்டு பல துறைகளிலும் நூல் முடித்தவனுக்கும் இதில் சலுகை இல்லை. ஆனால் அடுத்த நூற்பாவிலேயே பவணந்தி முனிவர் நான்கு விலக்குகளைத் தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை உணராதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்த காலத்திலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இவ்விரு நூற்பாக்களும் வகுப்பறைகளில் பெரும்பாலும் ஒழுக்க விதிகளாகவே கற்பிக்கப்படுகின்றன. படைப்பாளிக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவு குறித்த கோட்பாடாகவும் இவற்றை வாசிக்க இடமுண்டு. அவ்வாறு வாசித்தால், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சை அரசன்தாங்கலில் இயங்கிவரும் கட்டைக்கூத்துச் சங்கத்தின் வரலாறு வேறொரு பொருள் பெறுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

விலக்குகளினும் கவனிக்கத்தக்கது விதிக்கு முன்னுள்ள நூற்பா. சிறப்புப்பாயிரம் செய்தற்குரியவர் யாவர் என்பதை அது வரையறுக்கிறது. நூல் செய்தவனின் ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவன் மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகிய நால்வருக்கே அவ்வுரிமை உண்டு. தற்புகழ்ச்சித் தடை இதன் பின்னரே வருகிறது. புலவன் வாளாவிருக்கலாம், அவனுக்காகப் பேச நால்வர் இருக்கிறார்கள். ஆகவே நன்னூல் வேண்டும் அடக்கத்துக்குப் பின்னால் ஒரு கல்விச் சமூகம் தன் உறுப்பினனுக்கு அளித்த உறுதி இருக்கிறது. அந்நால்வரும் வாய்க்கப்பெறாத கலைஞரிடமும் அதே அடக்கத்தை எதிர்பார்க்கலாமா என்பது நன்னூலுக்குள் எழாத வினா. உரையாசிரியர்களுக்கும் அவ்வினாவை எழுப்பவேண்டிய தேவை நேரவில்லை. நமக்கு நேர்கிறது.

காஞ்சியின் வரலாற்றில் இவ்வினாவின் இரு எல்லைகளையும் காணலாம். மத்தவிலாசப் பிரகசனத்தின் ஆசிரியனாகிய முதலாம் மகேந்திரவர்மன், விசித்திரசித்தன், குணபரன், மத்தவிலாசன் எனத் தன் விருதுப்பெயர்களைக் கல்லில் பொறிப்பித்தவன். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவையின்றி விசித்திரசித்தன் ஆக்கிய கோயில் என்று மண்டகப்பட்டுக் கல்வெட்டு அவனது புதுமையை அறிவிக்கிறது. அரசன் கலைஞனாகும்போது தற்புகழ்ச்சி கல்வெட்டாகிவிடுகிறது. அதை யாரும் சுயவிளம்பரம் என்பதில்லை. மறு எல்லையில், கோர்வை முறையில் உடலையும் கரையையும் தறியிலேயே பிணைத்துப் பட்டு நெய்பவர் இருக்கிறார். 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. கடையின் பெயர் பையில் அச்சாகிறது. நெய்தவரின் பெயருக்கு இடமில்லை. கூத்துக் கலைஞரின் நிலை இவ்விரண்டினும் சிக்கலானது. அவர் மறைந்திருப்பவர் அல்லர். இரவு முழுவதும் ஊரார் கண்முன் நிற்பவர்.

திரைக்கு முன்னும் பின்னும்

கூத்தின் அரங்க மரபே தற்புகழ்ச்சியின் மீது எழுப்பப்பட்டது எனலாம். துரியோதனனோ இரணியனோ திரைக்குப் பின்னிருந்து பாடித் தன் வருகையை உணர்த்துகிறான். திரை விலகியபின் கட்டியக்காரன் வினவ, தன் குலம், நாடு, கொடை, தோள்வலி அனைத்தையும் விரித்துரைக்கிறான். எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லுகளும் வண்ணத் தாள்களும் பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் அந்தப் புகழுரையின் காட்சி வடிவங்கள். கட்டைக்கூத்து என்னும் பெயர் இக்கட்டை அணிகளால் அமைந்தது. கட்டியக்காரன் ஒரு பக்கம் மன்னனுக்குக் கட்டியம் கூறிக்கொண்டே மறுபக்கம் அந்தப் பெருமையைக் கேலி செய்து தரையிறக்குகிறான். தற்புகழ்ச்சியையும் அதன் மீதான விமரிசனத்தையும் ஒரே காட்சியில் இணைத்து நடத்தும் கலை இது. விமரிசனம் அரங்குக்கு வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்று எண்ணுவோர் கட்டியக்காரனைச் சற்று உற்று நோக்கலாம்.

வேடம் புனைந்தவருக்கோ இவ்வுரிமை வேடத்தோடு முடிந்துவிடுகிறது. சங்கத்தை நிறுவியவர்களுள் முதன்மையானவரான பி. இராஜகோபால் நடிகர், ஆசிரியர், நாடகாசிரியர், இயக்குநர் எனப் பல நிலைகளில் இயங்கியவர். அவரது ஜமாவின் பெயர் பெருங்கட்டூர் பொன்னுசாமி நாடக மன்றம். முதலில் ஊர், அடுத்துத் தந்தையின் பெயர், இறுதியில் 'நாடக மன்றம்' என்னும் மதிப்புச்சொல். அவருடைய பெயர் அதில் இல்லை. கூத்து என்னும் சொல்லும் இல்லை. வட தமிழ்நாட்டு ஜமாக்கள் பல தம்மை நாடக மன்றம் என்றே அழைத்துக்கொள்கின்றன. 'கூத்தாடி' என்பது வசைச்சொல்லாக வழங்கும் மொழியில் அக்கலைஞர்கள் தம் கலையின் பெயரையே ஒளித்துவைக்க நேர்ந்ததன் அடையாளம் இது. பரம்பரைப் பெயரைச் சூடிக்கொள்வதை மரபின் மீதுள்ள மதிப்பாக விளக்குவதுண்டு. அவ்விளக்கம் பாதி உண்மையே. மீதிப் பாதி சாதியோடு தொடர்புடையது. ஊர்த் திருவிழாவில் ஆடுவது குறிப்பிட்ட சேவைச் சாதியினருக்கு மிராசு உரிமையாகவும் அதே வேளையில் தட்ட முடியாத கடமையாகவும் இருந்தது. கடமை செய்பவரிடம் யாரும் கையொப்பம் கேட்பதில்லை.

பெயர் என்னும் வாதம்

1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் நிறுவப்பட்டபோது நடந்த முதற் படைப்புச் செயல் பெயரிடுதல் என்று கருதலாம். அதே ஆண்டில் வெளிவந்த ரிச்சர்ட் பிராஸ்காவின் ஆங்கில நூல் இக்கலையைத் தெருக்கூத்து என்றே குறித்தது. நகர்ப்புற நாடகக்காரர்களும் அரசு நிறுவனங்களும் அச்சொல்லையே வழங்கின. இராஜகோபாலும், இக்கலை குறித்து முனைவர்ப் பட்ட ஆய்வு செய்து பின்னர் அவரோடு சங்கத்தை நடத்திவந்த ஹன்னே டி புரூயினும் இவ்வழக்கை மறுத்தனர். மூத்த கலைஞர்களின் வழக்கில் ஊர்வலத்தோடு தெருவில் நடந்துகொண்டே ஆடுவது தெருக்கூத்து. ஓரிடத்தில் நிலைத்து, கட்டை அணிகளோடு விடிய விடிய நிகழ்வது கட்டைக்கூத்து. இரண்டையும் ஒன்றாக்கியவர் வெளியார் என்பது அவர்கள் வாதம். டி புரூயினின் 1999ஆம் ஆண்டு நூல் இவ்வாதத்தை ஆய்வுலகில் நிலைநிறுத்தியது.

நன்னூல் வழி நோக்கினால், இது இரண்டாவது, நான்காவது விலக்குகளின்கீழ் வரும் தற்புகழ்ச்சி. ஆற்றலை உணராதார் நடுவில் நிற்கும் கலைஞர், பழிப்பாகத் தாம் உணர்ந்த ஒரு சொல்லைத் திருப்பியளிக்கிறார். ஊரில் திரௌபதி அம்மன் விழாவுக்கு வருபவரிடம் இந்தப் பெயர்விளக்கம் தேவைப்படவில்லை. அவர் 'கூத்து' என்று மட்டுமே சொல்வார். பெயர்விளக்கம் நல்கை நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நகர அரங்குக்கும் உரியது. இதனாலேயே அதைப் பிழையெனக் கூறவியலாது. ஓலை யாருக்குச் செல்கிறதோ அவருக்கு விளங்கும் மொழியில்தான் எழுதப்படும்.

இங்கு மறுதரப்பும் உண்டு. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் வழியினர் தெருக்கூத்து என்ற பெயரையே பெருமிதத்தோடு தொடர்கின்றனர். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி அப்பெயரிலேயே தமிழ் அறிவுலகத்துக்கு இக்கலையை அறிமுகப்படுத்தினார். அவர் எழுத்தில் தெரு இழிவுக்குரிய இடமாக இல்லை. தமிழ் அரங்கின் வேர் அங்கிருப்பதாகவே அவர் கண்டார். எனவே, கட்டைக்கூத்து என்னும் பெயர் வெளியார்க்கு எதிரான வாதமாகப் பிறந்தாலும், அதே கலையை வேறு பெயரில் ஆடும் சக கலைஞரின் செவியில் தன் மரபை உயர்த்தும் உரிமைக்கோரலாகவும் ஒலித்திருக்கும். பவணந்தியார் வாதத்தில் வெல்வதற்கு அனுமதி தருகிறார். வென்றபின் உடன்கற்றோனின் நிலை யாது என்று சொல்வதில்லை. இராஜகோபாலின் பெயர்த்தேர்வு வரலாற்றளவில் வலுவானது என்றே நான் கருதுகிறேன். எனினும் ஆய்வாளர்கள் அதை ஒரே சரியான பெயராக ஏற்றுப் புரிசை மரபைப் பிழைவழக்காகக் குறிப்பது, ஒரு கலைஞரின் வாதத்தை இலக்கண விதியாக மாற்றிவிடும் செயல்.

உரைகாரரும் மாணவியரும்

சங்கத்துக்கு நன்னூல் கூறும் நால்வருள் முதலில் வாய்த்தவர் உரைகாரர். டி புரூயினின் ஆய்வும் மொழிபெயர்ப்புகளும் அப்பணியைச் செய்தன. கர்ண மோட்சத்தை அவர் ஆங்கிலத்தில் ஆக்கியதன்மூலம், பிறப்பைக் காட்டித் தன்னை இகழும் பொன்னுருவியோடு கர்ணன் தர்க்கிக்கும் காட்சி தமிழறியாத ஆய்வாளர்க்கும் எட்டியது. தகுதியைப் பிறப்பு மறைப்பதே பொருளாக அமைந்த இந்நாடகம் கூத்து மரபில் பெற்றுள்ள செல்வாக்கு தற்செயலானதாகத் தோன்றவில்லை. ஆடுபவருக்குத் தன் வாய்ச்சொல்லாகப் பேசவியலாததைக் கர்ணனின் வாய்ச்சொல்லாகப் பேச முடிகிறது.

உரைகாரர் வழிப் புகழுக்கு ஒரு விலை உண்டு. உரை ஆங்கிலத்தில் வளர வளர, மூலத்தை அறியாமலே உரையை மேற்கோள் காட்டும் வாசகர் பெருகுவர். இராஜகோபால் தமிழில் எழுதி இயக்கிய நாடகங்கள் குறித்துத் தமிழில் நிகழ்ந்த விமரிசனம், அவை குறித்து ஆங்கில இதழ்களில் வந்த அறிமுகங்களை நோக்க மிகக் குறைவு. டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவக்குமார் ஆகியோருடன் சங்கம் இணைந்து நிகழ்த்திய 'கர்நாடிக் கட்டைக்கூத்து' இதை வெளிச்சமாக்கிற்று. கர்நாடக இசைக்கலைஞருக்குப் பாயிரம் சொல்லக் குருபரம்பரை, சபா, பத்திரிகை விமரிசகர், மாணவர் என்று நால்வரும் ஆயத்தமாக நிற்கின்றனர். அவர் தன்னடக்கத்தோடு பேசலாம்; அது அவருக்குக் கூடுதல் அழகு. அதே மேடையில் அருகில் நிற்கும் கூத்துக் கலைஞர் தம் கலை இன்னதென்று முதலிலிருந்து விளக்கியாக வேண்டும். விளக்கியதும் 'விளம்பரம் தேடுகிறார்' என்னும் பேச்சு எழுகிறது. இருவரும் சமமாக ஒரு மேடையில் நின்றாலும் அவர்களின் பாயிரங்கள் சமமல்ல.

மாணாக்கர் என்னும் உறுப்பை அமைக்கும் முயற்சியாக 2002இல் கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கப்பட்டது. பள்ளிக் கல்வியோடு கூத்துப் பயிற்சியும் அளித்த இக்குருகுலம் 2020இல் மூடப்பட்டது. சங்கத்தின் பணிகளுள் நெடுங்காலம் பேசப்பட வேண்டியது இதுவே என்பேன். ஆண்களே பெண் வேடமும் புனைந்து ஆடிவந்த கலையில் சிறுமியரும் கட்டை வேடம் கட்டினர். தற்புகழ்ச்சி குறித்த நம் வினா இங்கு இன்னும் கூர்மையாகிறது. ஆண் கலைஞர் பெயர் வெளியே தெரிவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அதிகம் போனால் செருக்கன் என்பர். இரவில் ஊர் ஊராகச் சென்று ஆடும் பெண்ணுக்குப் பெயர் வெளியே தெரிவதே பழியாக மாறக்கூடும். 'நல்ல பெயர்' என்னும் தொடருக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் தமிழ்ச் சமூகம் வேறு வேறு பொருள் வைத்திருக்கிறது. பதின்பருவத்தில் துரியோதனனாகத் தோள் புடைத்துத் தற்புகழ் பாடிய பெண், திருமணப் பேச்சு எழும்போது அத்திறனை மறைக்கவேண்டி வருமாயின், அதற்கு நன்னூலின் நான்கு விலக்குகளும் போதா. பயிற்சி பெற்ற பெண்களுள் சிலர் தொடர்ந்து ஆடுவதும், பெண்கள் தலைமையில் குழு அமைந்ததும் இதனாலேயே கலைச்செய்தியாக மட்டும் நின்றுவிடவில்லை.

கைப்பேசிக் காணொளிகள் பெருகிய பின் ஜமாக்கள் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளும் வழி எளிதாகியுள்ளது. தொலைபேசி எண்ணோடு பதிவேறும் துண்டுகளில் பெரும்பாலும் திரைப் பிரவேசமும் கட்டியக்காரனின் நகைச்சுவையுமே இடம்பெறுகின்றன. நள்ளிரவுக்குப்பின் மெல்ல விரியும் தர்க்கங்களும், விடியற்காலையில் முகவீணையோடு உயரும் ஒப்பாரியும் துண்டாக வெட்டினால் நிற்பதில்லை. விளம்பரம் கலையைக் கெடுக்கிறது என்று பொதுவாகக் கூறுவதைவிட, அது கலையின் எந்தப் பகுதியை வளர்க்கிறது என்று கேட்பது பயன் தரும். நகர அரங்குக்காகச் சங்கம் உருவாக்கிய குறுகிய நேர நாடகங்களுக்கும் இக்கேள்வி பொருந்தும். ஆனால் அவற்றில் வெட்டியவர் கலைஞரே; எதை இழக்கலாம் என்று தெரிந்து வெட்டியவர்.

நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளின் இறுதியில் 'தகவலாளர் பட்டியல்' என ஒரு பின்னிணைப்பு இருக்கும். பெயர், வயது, சாதி, தொழில், ஊர் என்னும் வரிசையில் கூத்துக் கலைஞர் அங்கு இடம்பெறுவார். அவரது பாடலையும் விளக்கத்தையும் வகைப்படுத்திய அறிஞர் துணைநூற்பட்டியலில் ஆசிரியராக இடம்பெறுவார். நாடகம் எழுதி இயக்கிய ஒருவரையும், தம் கலையின் பெயர் குறித்துக் கோட்பாட்டளவில் வாதிட்ட ஒருவரையும் தகவலாளர் என்று வகைப்படுத்த இலக்கணம் எதுவும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. இராஜகோபாலின் நாடகங்களை ஆசிரியர் பெயரிட்டு, நிகழ்த்திய ஆண்டோடு முதன்மைச் சான்றாதாரத்தில் சேர்ப்பதற்குப் பல்கலைக்கழக விதி எதையும் மாற்றத் தேவையில்லை. பட்டியலில் ஒரு பக்கம் முன்னே நகர்த்தினால் போதும்.