விடுதிப் பிள்ளையின் கதை யாருக்குச் சொந்தம்?

அநாதை இல்லங்களில் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் தங்கிச் சேவை செய்வதை இன்று பழைய வேகத்தோடு யாரும் ஆதரித்துப் பேசுவதில்லை. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியதும், அங்கிருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததும் தெரியவந்த பிறகு அந்த ஆதரவு நிலைகுலைந்துபோனது. 2019-இல் ஐ.நா. பொதுச்சபையும் இதுபற்றிக் கவலை தெரிவித்துத் தீர்மானம் போட்டது. இப்போது வாதம் இடம் மாறியிருக்கிறது. “நாங்கள் போவது அநாதை இல்லம் இல்லை, மாணவர் விடுதி. பெற்றோர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஊரில் பள்ளிக்கு வழியில்லாமல் இங்கே தங்கிப் படிக்கிறார்கள். ஒரு மாணவனோடு நெருங்கிப் பழகிவிட்டு வருவதில் என்ன கேடு?” காட்மாண்டு விடுதிகளுக்குப் போய்வந்தவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். அவர்கள் எழுதும் கட்டுரையில் தவறாமல் ஒரு மாணவனோ மாணவியோ இருப்பார். அந்த ஒருவரால் தன் வாழ்க்கைப் பார்வையே மாறிவிட்டது என்று கட்டுரை முடியும்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நேபாளத்தின் ஹும்லா, முகு, டோல்பா போன்ற மலை மாவட்டங்களில் சில கிராமங்களுக்கு விடுதியை விட்டால் மேற்படிப்புக்கு வேறு வழி கிடையாது. கணக்கும் கணினியும் நன்றாகச் சொல்லித்தரத் தெரிந்தவர் வந்தால் பிள்ளைகளுக்கு லாபம்தான். பல் மருத்துவர் ஒருவர் இரண்டு நாள் வந்து உட்கார்ந்தாலும் புண்ணியம். போகிறவர்களின் நல்லெண்ணத்தையும் நான் சந்தேகிக்கவில்லை.

நான் எதிர்ப்பது அந்த ‘நெருங்கிப் பழகுதலை’. இந்த வழக்கத்தின் சிறப்பாக எல்லோரும் எதைச் சொல்கிறார்களோ, அதுவே இதன் ஆகப் பெரிய குறை என்று நெடுங்காலமாக நினைத்து வருகிறேன்.

காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் ஒரு விடுதி. பள்ளி விட்டு வந்த நேரம். புதிதாக வந்திருந்த தன்னார்வலர் முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு சிறுமி பக்கத்தில் வந்து அமர்ந்து, பெயர் என்ன, எந்த நாடு, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் கேட்டாள். முதல் இரண்டு கேள்விகளுக்கான பதிலை அவள் சரியாகக் கவனிக்கக்கூட இல்லை. மூன்றாவதற்கு மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் என்றதும் தலையாட்டிவிட்டுத் தன் ஊர், இறந்துபோன அப்பா, கூலி வேலைக்குப் போகும் அம்மா என்று சொல்லத் தொடங்கினாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தலை குனிய வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அது பலமுறை கேட்கப்பட்டு, பலமுறை சொல்லப்பட்ட உண்மை. கேட்டவருக்குக் கண் கலங்கியது. இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

தன்னார்வலருக்கு அவள் ஒரே ஒரு சிறுமி. அவளுக்கு அவர் எத்தனையாவது ஆள்? மாதம் இரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து ஆண்டுகளில் 120 பேர். அத்தனை பேரும் அவளிடம் நெருக்கத்தைத்தான் எதிர்பார்த்து வருகிறார்கள். அத்தனை பேரும் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்கிறார்கள். அழுது, கட்டிப்பிடித்து, கட்டாயம் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெரியவர்களிடம் இப்படி உறவை எதிர்பார்த்து எதிர்பார்த்து ஏமாறும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? தன்னிடம் இருப்பவற்றிலேயே விலை அதிகமுள்ளது தன் துயரம் என்பதைத்தான். இரண்டு வார ஆங்கில வகுப்பு எதைக் கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது.

நேபாளத்தில் இதற்கு ஒரு கொடிய முன்கதை உண்டு. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, பிள்ளைகளைப் பத்திரமாகப் படிக்க வைப்பதாகச் சொல்லி ஹும்லாவின் பெற்றோரிடம் தரகர்கள் பணம் வாங்கினார்கள். காட்மாண்டுக்குக் கூட்டிவந்த பிள்ளைகள் பலரை அநாதைகளாகக் காட்டினார்கள். அப்பா அம்மா செத்துப்போய்விட்டார்கள் என்று சொல்லவும் பழக்கினார்கள். அந்தக் கதை யாருக்காகத் தயாரானது? பரிவோடு பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வந்தவர்களுக்காக. கேட்க ஆள் இருந்ததால்தான் அதைச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் முளைத்தான். இன்றும் நேபாளத்தில் இல்லங்கள் குவிந்து கிடப்பது காட்மாண்டு, பொக்கரா, சித்வன் என்று சுற்றுலாப் பயணிகள் போகிற இடங்களில்தான். பெயர்ப்பலகையில் விடுதி என்று எழுதிவிட்டால் இந்தக் கணக்கு மாறிவிடுமா?

கானர் கிரெனனை உதாரணம் காட்டுவார்கள். 2004-இல் சில மாதச் சேவைக்கென்று நேபாளத்தின் கோதாவரியிலிருந்த ஒரு சிறுவர் இல்லத்துக்கு வந்த அமெரிக்கர் அவர். பிள்ளைகளின் பெற்றோர் உயிரோடிருப்பது தெரிந்ததும் ஹும்லாவுக்கே போய், ஊர் ஊராக நடந்து குடும்பங்களைத் தேடினார். பிள்ளைகள் மேல் கொண்ட பாசம்தான் அவரை நடக்க வைத்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது அந்த நடைதான். போய்வந்தவர்களில் எத்தனை பேர் அப்படி நடந்தார்கள்? கட்டுரை எழுதியதோடு நின்றவர்களே அதிகம்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. முப்பது பிள்ளைகளில் அந்த ஒருவர் எப்படித் தேர்வாகிறார்? ஆங்கிலம் கொஞ்சம் பேசுகிற, சிரித்த முகமான, கூச்சமில்லாத பிள்ளைதான் கிடைக்கிறது. படுக்கையை நனைத்துவிட்டு விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் போர்வையை அலசுகிற பையன் எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை. அவனை அறிந்தவர் விடுதியின் சமையல்கார அம்மா ஒருவர்தான். இரு வேளையும் பருப்பும் சோறும் வடித்துப் போடுகிற அவருக்கு, யார் சாப்பாட்டை மிச்சம் வைக்கிறார்கள், யார் இரண்டு நாளாகப் பேசவில்லை என்பதெல்லாம் தெரியும். அவரும் எந்தக் கட்டுரையிலும் இல்லை. தன்னார்வலர் செலவழிக்கும் விமானக் கட்டணத்தை அந்த அம்மாவின் சம்பளத்தோடு சேர்த்தால், பிள்ளைகளை விட்டுப் போகாத ஒருவர் இன்னும் சில ஆண்டுகள் அங்கே நிம்மதியாக இருப்பார்.

தசைன் பண்டிகைக்கு நேபாளமே ஊருக்குத் திரும்புகிறது. பெற்றோர் இருக்கிற விடுதிப் பிள்ளைகளும் திரும்ப வேண்டும். ஆனால் ஹும்லாக்காரப் பிள்ளை வழக்கமாக நேபாள்கஞ்சு வரை பேருந்தில் போய், அங்கிருந்து சிமிகோட்டுக்குச் சின்ன விமானம் பிடித்து, அதன் பிறகு ஊருக்கு நடக்க வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாத குடும்பங்களே அதிகம். சுற்றுலாப் பருவமும் தசைனையொட்டித்தான் தொடங்குகிறது. தன்னார்வலர்கள் வந்து இறங்கும்போது, வீட்டுக்குப் போகாத பிள்ளைகள் முற்றத்தில் இருக்கிறார்கள். போக விரும்புகிறவர்கள் விடுதிக்கு முதலில் ஒரு கடிதம் எழுதட்டும். போன தசைனுக்கு எத்தனை பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள், போகாதவர்களை அனுப்ப எவ்வளவு செலவாகும் என்று கேட்கட்டும். பதில் வராவிட்டால் அந்த விடுதிப் பக்கமே போக வேண்டாம். பதில் வந்தால் அந்தப் பணத்தை அனுப்பிவிட்டு, தாங்கள் வாங்க நினைத்த விமானச் சீட்டை வாங்காமல் இருக்கட்டும்.